பழைய சில்வராடோவுக்கு எது: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கித் தன் கையாலேயே வேலை பார்ப்பவர்களிடம் அதிகம் புழங்கும் வண்டிகளில் ஒன்று, 1999 முதல் 2007 வரை வந்த செவ்ரோலே சில்வராடோ. அதே வண்டிதான் ஜிஎம்சி சியரா என்ற பெயரிலும் வந்தது. இவற்றில் பலவற்றுக்குள் இருப்பது எல்எம்7 என்ற குறியீடு கொண்ட 5.3 லிட்டர் வி8 இன்ஜின். இரும்பு பிளாக், 9.5-க்கு 1 கம்ப்ரஷன், 2000-களின் தொடக்கத்தில் 285 குதிரைத்திறன், 325 பவுண்ட்-அடி டார்க் (சுழற்று விசை). நல்ல உழைப்பாளி. ஆனால் வண்டியே இரண்டு டன்னுக்கு மேல் எடை. பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டிவிட்டால், நெடுஞ்சாலையில் நுழையும்போது ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்க வேண்டியிருக்கிறது. சரி, இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துவிடலாம் என்று நினைப்பவர் உடனே வந்து நிற்கும் இடம்தான் இந்தத் தலைப்பு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டுகிற, அவ்வப்போது பாரம் இழுக்கிற, சமவெளியில் இருக்கிற பிக்கப்புக்கு ரூட்ஸ் வகை அல்லது இரட்டைத் திருகு வகை சூப்பர்சார்ஜர்தான் சரி. மலைப்பகுதியில் வாழ்பவருக்கும், வெல்டிங் தெரிந்து பட்டறையில் நேரம் செலவிடத் தயாராக இருப்பவருக்கும் டர்போ. மூன்றாவதாக மையவிலக்கு சூப்பர்சார்ஜர் என்று ஒன்று இருக்கிறது. காருக்கு அருமையான சாமான், பிக்கப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றே: வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புவது. கூடுதல் காற்று போனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். டர்போ, சைலன்சர் வழியாக வெளியே போகும் புகையின் வேகத்திலும் சூட்டிலும் சுழல்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சூப்பர்சார்ஜர் கிராங்க்ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழல்கிறது. அதில் ரூட்ஸ் வகை இன்னும் பழையது. இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதிதான் அதன் மூலம். அப்போது அது காருக்காகச் செய்யப்பட்டதல்ல, கார் என்பதே அன்று கிடையாது.

முடிவைத் தீர்மானிக்கும் இடம் டாக்கோமீட்டர், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று காட்டும் கருவி. இந்த சில்வராடோ மணிக்கு 70 மைல் வேகத்தில் டாப் கியரில் போகும்போது, டயரையும் ஆக்ஸில் விகிதத்தையும் பொறுத்து முள் 2,000-ஐ ஒட்டி நிற்கும். ஊருக்குள் சிக்னலில் இருந்து கிளம்பினால் 1,500-இலிருந்து 3,000 வரை. 5,000-க்கு மேல் முள் போவது வாரத்தில் சில விநாடிகள்தான். ஆகவே ஒரு கிட் '6,000 ஆர்பிஎம்மில் 480 குதிரைத்திறன்' என்று விளம்பரம் செய்தால், அது இந்த வண்டி வாழாத இடத்தைப் பற்றிய தகவல். 2,200 ஆர்பிஎம்மில் என்ன கிடைக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு ரூட்ஸ் வகையும், திருகு போன்ற இரண்டு உருளைகள் சுழலும் இரட்டைத் திருகு வகையும் மிக நேரடியான பதில் தருகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை லிட்டர் காற்று என்று கணக்காகத் தள்ளுபவை அவை. 1,800-இல் மிதித்தாலும் உடனே அழுத்தம் ஏறும். 2,500-க்குள் முழு 7 பி.எஸ்.ஐ.-யை (வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட் கூடுதல் அழுத்தம்) எட்டிவிடும். ஓட்டுகிறவருக்கு 5.3 லிட்டர் இன்ஜின் திடீரென்று எட்டு லிட்டர் இன்ஜினாக மாறிவிட்ட மாதிரி இருக்கும். ஃபோர்டு 1999-இல் எஃப்-150 லைட்னிங் பிக்கப்பை இந்த வழியில்தான் செய்தது: 5.4 லிட்டர் வி8 மேல் ஈட்டன் நிறுவனத்தின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், 360 குதிரைத்திறன். அதைவிட முக்கியமான எண், 440 பவுண்ட்-அடி டார்க், அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே. 2001-இல் இது 380 குதிரைத்திறனும் 450 பவுண்ட்-அடியுமாக உயர்ந்தது.

மையவிலக்கு வகை வேறு ஜாதி. பார்க்க டர்போவின் முன்பாதி மாதிரியே இருக்கும். சுழற்றுவது மட்டும் பெல்ட். அது தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 6,000-இல் 8 பி.எஸ்.ஐ. தரும்படி அமைத்தால், 3,000-இல் சுமார் 2 பி.எஸ்.ஐ.-தான் கிடைக்கும். பிக்கப் நாள் முழுவதும் ஓடும் அந்தப் பாதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மாட்டுவது எளிது, காற்று அதிகம் சூடாகாது, சத்தமும் இனிமையாக இருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் பாரம் இழுக்கிற வண்டிக்கு வேண்டியது கீழே இருக்கிறது, அது கொடுப்பது மேலே.

டர்போ இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அதுதான் அதன் பலம், அதுவே அதில் ஆபத்தும். சிறிய டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) போட்டால் 2,000-க்குள்ளேயே விழித்துக்கொள்ளும், ஆனால் மேலே போகப் போகப் புகை வெளியேற வழியின்றி இன்ஜின் திணறும். பெரிய டர்பைன் போட்டால் மேலே வானமே எல்லை, ஆனால் 3,000 வரை தூங்கும். 5.3 இன்ஜினுக்கு மலிவாகக் கிடைக்கும் ஒற்றை டர்போக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் ரகம்; டிராக் பந்தயக்காரர்கள் விரும்பி வாங்குபவை. அதையே தினசரி வண்டியில் மாட்டிவிட்டு, 'கீழே இழுக்கவில்லை' என்று வருந்துகிறவர்கள் நிறைய. குறை டர்போவின் மேல் இல்லை, அளவின் மேல்.

சரியான அளவில் செய்தால் டர்போ பாரம் இழுக்கும் என்பதற்கு 2011-இல் வந்த எஃப்-150 ஈகோபூஸ்ட் சாட்சி. 3.5 லிட்டர் வி6, இரண்டு சிறிய டர்போ, 365 குதிரைத்திறன், 420 பவுண்ட்-அடி, அந்த டார்க்கின் உச்சம் 2,500 ஆர்பிஎம்மில். பக்கத்திலேயே எதிர்ச்சாட்சியும் வைக்கலாம்: 1991-இல் வந்த ஜிஎம்சி சைக்ளோன். 4.3 லிட்டர் வி6 டர்போ, நான்கு சக்கர இழுவை, 280 குதிரைத்திறன். அன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு போட்டி போட்ட பிக்கப். ஆனால் அதில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட பாரம் 500 பவுண்ட் மட்டுமே, அதாவது 227 கிலோ. சுமார் மூன்று பேரின் எடையோடு முடிந்தது.

அடுத்தது சூடு. நேரம் செலவழித்துப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இன்ஜின் உடைவது இங்கேதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, காற்றை அழுத்தினால் அது சூடாகும். டெக்சாஸ் கோடையில் 35 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்றை 7 பி.எஸ்.ஐ.-க்கு அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். 60 சதவீதத் திறனில் வேலை செய்யும் பழைய பாணி ரூட்ஸ் அதைச் சுமார் 96 டிகிரிக்குக் கொண்டுபோகும். 75 சதவீதத் திறன் கொண்ட நல்ல டர்போ சுமார் 84 டிகிரியோடு நிறுத்தும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நாக்கிங் ஆபத்து: பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து, பிஸ்டனின் விளிம்பைக் கொத்திக் கொத்தி உடைக்கும். ஆகவே இரண்டு வழியிலும், அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் கட்டாயம். ரூட்ஸ், இரட்டைத் திருகு வகைகளில் இப்போது வரும் நல்ல கிட்கள் தண்ணீர் சுற்றும் இன்டர்கூலரை உள்ளேயே வைத்து வருகின்றன. அதற்கென்று தனி பம்ப், முன்னால் தனி சிறு ரேடியேட்டர்.

இங்கே சூப்பர்சார்ஜருக்கு ஒரு நிஜமான பலவீனம் இருக்கிறது. அது உட்கார்ந்திருப்பது இன்ஜினின் உச்சியில், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவில். அரை நிமிடம் மிதித்துவிட்டு விட்டால் கவலையில்லை. ஏற்றத்தில் பதினைந்து நிமிடம் தொடர்ந்து பாரம் இழுத்தால், இன்டர்கூலர் தண்ணீரே சூடாகிவிடும். அப்போது கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுக்கும். சக்தி கண்முன்னே குறையும். டர்போவுக்கு கிரில்லுக்குப் பின்னால் பெரிய காற்று இன்டர்கூலர் வைக்க முடிவதால், ஓடிக்கொண்டிருக்கும்வரை நீண்ட ஏற்றத்தை அது நன்றாகத் தாங்கும்.

அதற்குப் பதிலாக டர்போ தன் சூட்டை வெளியே கொட்டுகிறது. பாரத்தில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினின் புகை 800, 900 டிகிரியைத் தொடும். இரும்பு டர்பைன் கூடு சிவக்கும். அதன் பக்கத்தில் பிளக் வயர், ஸ்டார்ட்டர் கேபிள், பிரேக் பைப், பிளாஸ்டிக் இணைப்பு எது இருந்தாலும் உருகும் அல்லது காய்ந்து வெடிக்கும். வெப்பத் தடுப்புப் போர்வையும் தகடும் அழகுக்கு அல்ல. பாரம் இழுத்து வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தினால், பேரிங்கில் நிற்கும் ஆயில் கரியாகப் படியும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தும் பழக்கம் வேண்டும்.

'டர்போவின் சக்தி இலவசம், சூப்பர்சார்ஜர் இன்ஜினிடமே திருடுகிறது' என்ற பேச்சைப் பாதி நம்பலாம். 430 குதிரைத்திறன் அளவுக்குக் காற்று தள்ளும் ரூட்ஸை முழு மிதியில் சுழற்ற, பெல்ட் வழியாக 30, 40 குதிரைத்திறன் செலவாகும். டர்போவும் புகையின் பாதையை அடைத்துத்தான் சுழல்கிறது, அந்த எதிரழுத்தத்தைப் பிஸ்டன்தான் தள்ள வேண்டும். டர்போவின் செலவு குறைவு, பூஜ்யம் அல்ல. சாதாரண ஓட்டத்தில் சூப்பர்சார்ஜரின் பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சும்மா சுற்ற விடுவதால், மெதுவாக ஓட்டினால் பெட்ரோல் செலவிலும் பெரிய வித்தியாசம் இராது.

மாட்டும் வேலைக்கு வருவோம். சூப்பர்சார்ஜர் கிட் என்பது பெட்டியைத் திறந்தால் எல்லாம் இருக்கிற சமாசாரம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி அந்த இடத்தில் இதை உட்கார வைத்து, பெல்ட்டும் புல்லியும் மாற்றி, இன்டர்கூலர் ரேடியேட்டரை முன்னால் கட்ட வேண்டும். கையில் நல்ல ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் இரண்டு மூன்று நாள். வேண்டாமென்றால் கழற்றி விற்கலாம். பழைய கிட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு.

டர்போவுக்கு எக்ஸாஸ்ட் முழுக்க மாறும். இரண்டு பக்கப் புகையையும் ஒரே குழாய்க்குக் கொண்டுவர வேண்டும், உபரிப் புகையை டர்பைனைத் தாண்டி வெளியே விடும் வால்வான வேஸ்ட்கேட்டுக்கு இடம் பார்க்க வேண்டும், இன்டர்கூலருக்கு இரண்டு பெரிய குழாய்கள் போக வேண்டும். எல்லாம் வெல்டிங். அப்புறம் ஆயில். ஆயில் உள்ளே போவது எளிது, பிரஷர் இருக்கிறது. வெளியே வருவது வெறும் ஈர்ப்பு விசையில். டர்போவின் அடியிலிருந்து ஆயில் பான் வரை குழாய் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தொய்ந்தாலும், பானில் ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தாலும், ஆயில் பின்வாங்கி சீலைத் தாண்டும். வண்டி நீலப் புகை விடும். உடனே 'டர்போ போய்விட்டது' என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள், அதுவும் புகைவிடும். கோளாறு ஒரு முழ நீளக் குழாயில் இருந்திருக்கும்.

வெல்டிங் தெரிந்தவர் பழைய சாமான்களைச் சேர்த்து மூவாயிரம், நாலாயிரம் டாலருக்குள் டர்போ அமைப்பை முடித்துவிட முடியும். முழு சூப்பர்சார்ஜர் கிட் புதிதாக வாங்கினால் ஏழாயிரம் முதல் பத்தாயிரம் டாலர். ஆனால் டர்போ வேலையைக் கூலிக்குக் கொடுத்தால் அந்த மிச்சம் காணாமல் போகும்.

எதைத் தேர்ந்தாலும் தப்பிக்க முடியாத செலவுகள் சில உண்டு. தொழிற்சாலை இன்ஜெக்டர்கள் தொழிற்சாலைச் சக்திக்கு அளந்து வைத்தவை. பெரிய இன்ஜெக்டரும் பலமான பெட்ரோல் பம்பும் வேண்டும். இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் ஒரு பார் வரைதான் படிக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் என்ன நடந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஆகவே இரண்டு பார் சென்சார் மாட்டி, அதற்கேற்பக் கம்ப்யூட்டரை ட்யூன் செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடர்ந்த காற்று தீப்பொறியை அணைத்துவிடும். பிஸ்டன் ரிங் விஷயமும் இருக்கிறது. 7 பி.எஸ்.ஐ. வரை ஆரோக்கியமான ஸ்டாக் (தொழிற்சாலையில் வந்தபடியே உள்ள) இன்ஜின் பொதுவாகத் தாங்கும். டர்போ வைத்திருப்பவரின் கை சும்மா இருக்காது, 10, 12 என்று ஏற்றிப் பார்க்கும். அப்போது சூட்டில் மேல் ரிங் விரிந்து அதன் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். விரிய இடமில்லாத ரிங், பிஸ்டனின் மேல்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால்தான் அதிக அழுத்தத்துக்குப் போகிறவர்கள் இன்ஜினைப் பிரித்து, ரிங் முனைகளை அரத்தால் தேய்த்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 22 பங்குக்கு மேல் இடைவெளி வைக்கிறார்கள்.

கியர்பாக்ஸ் இதைவிடச் சீக்கிரம் போகும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது 4எல்60-ஈ ஆட்டோமேட்டிக். அதில் மூன்றாம், நான்காம் கியருக்கான கிளட்ச் தகடுகள் ஸ்டாக் டார்க்கிலேயே களைத்துப்போவதில் பேர் பெற்றவை. கீழேயே டார்க்கைக் கொட்டும் சூப்பர்சார்ஜர் அதை வேகமாக முடித்துவிடும் என்பது நான் பரிந்துரைக்கும் வழியின் உண்மையான விலை. பெரிய ஆயில் கூலர் போட்டு, பாரத்தோடு ஓவர்டிரைவில் (டாப் கியரில்) திணற விடாமல் ஓட்டினால் ஆயுள் நீளும். நிரந்தரத் தீர்வு, கனரக பிக்கப்புகளில் வந்த 4எல்80-ஈ. அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

கொலராடோ போன்ற மலை மாநிலத்தில் இருப்பவருக்குக் கணக்கே மாறிவிடுகிறது. டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,158 அடி உயரத்தைத் தொடுகிறது. கடல்மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றழுத்தம் அங்கே 9.7-ஐ ஒட்டி. சூப்பர்சார்ஜரின் புல்லி விகிதம் மாறாதது. இருப்பதை ஒன்றரை மடங்காக்கும், அவ்வளவுதான். சமவெளியில் 7 பி.எஸ்.ஐ. தந்த கிட், அந்தச் சுரங்க வாயிலில் இன்ஜினை ஏறக்குறைய கடல்மட்டத்து சாதாரண இன்ஜின் நிலைக்கு மீட்டுத் தரும். அதுவே பெரிய நிம்மதிதான். ஆனால் டர்போவில் வேஸ்ட்கேட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தினால், மெல்லிய காற்றில் டர்பைனை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு, இழந்த அழுத்தத்தின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். டிரெய்லரோடு அந்த ஏற்றத்தை அடிக்கடி ஏறுபவருக்கு நான் சூப்பர்சார்ஜரைச் சொல்லவே மாட்டேன்.

பெட்ரோலிலும் இடம் முக்கியம். கலிஃபோர்னியாவிலும் மலை மாநிலங்களிலும் பெட்ரோல் பங்கில் பொதுவாகக் கிடைக்கும் உயர்தரம் 91 ஆக்டேன். டெக்சாஸிலும் கிழக்கிலும் 93. (இந்தியாவில் நெடுங்காலம் சாதாரண பெட்ரோலிலேயே 91 என்று இருந்ததே என்று குழம்ப வேண்டாம். அளக்கும் முறை வேறு. அந்த 91 அமெரிக்கக் கணக்கில் சுமார் 87 ஆகும்.) 91 மட்டும் கிடைக்கிற ஊரில் 6 பி.எஸ்.ஐ.-யோடு திருப்தி அடைவது நல்லது.

சட்டம் என்று பார்த்தால் கலிஃபோர்னியாவில் போட்டியே இல்லை. மாநிலக் காற்று வாரியம் சோதித்து ஒப்புதல் எண் கொடுத்த சாமானை மட்டுமே சாலை வண்டியில் மாட்டலாம். புகைச் சோதனையில் இன்ஜின் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், எண் இல்லாவிட்டால் புகை சுத்தமாக இருந்தாலும் தோல்விதான். பல சூப்பர்சார்ஜர் கிட்களுக்கு அந்த எண் உண்டு. வீட்டில் வெல்டிங் செய்த டர்போவுக்கு அது கிடைக்காது. வாங்குமுன் அந்த எண் உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் இன்ஜினுக்கும் கொடுக்கப்பட்டதுதானா என்று பாருங்கள். ஒரே கிட் 2002-க்குச் சட்டப்படி சரியாகவும் 2006-க்குத் தவறாகவும் இருக்கக்கூடும்.

இப்படிப் பார்த்தால் ஹூஸ்டனிலோ டல்லஸிலோ வேலைக்குப் போய்வந்து, மாதம் ஒருமுறை படகு இழுப்பவர் சூப்பர்சார்ஜர் வாங்கி 6, 7 பி.எஸ்.ஐ.-யில் விட்டுவிடலாம். பின்னாளில் 600 குதிரைத்திறன் என்ற கனவு இருப்பவர் இன்றே டர்போவில் தொடங்கட்டும். அதில் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கை மாற்றினால் போதும், சூப்பர்சார்ஜரில் புல்லியை மாற்றி, பெல்ட் வழுக்கி, மறுபடி சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் வாராவாரம் மூன்று டன் டிரெய்லரை நூற்றுக்கணக்கான மைல் இழுப்பதுதான் உங்கள் பிழைப்பு என்றால், இரண்டையுமே வாங்காதீர்கள். சில்வராடோவை விற்று, அந்தப் பத்தாயிரம் டாலரையும் சேர்த்து, சர்வீஸ் ரசீதுகள் பத்திரமாக இருக்கும் ஒரு ஈகோபூஸ்ட் எஃப்-150 தேடுங்கள். அதில் டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி, அந்த டார்க்குக்கு ஏற்ற கியர்பாக்ஸ், இழுவைக்கென்று எழுதிய ட்யூன் எல்லாம் தொழிற்சாலையிலேயே மாட்டி வந்திருக்கும்.